ஏழு சிமினி பங்களாவின் தொரசாணி

எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று முதலில் சொன்னவர் வீட்டுக்காரர் அல்ல. மாடியில் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள். நாங்கள் அந்தக் கட்டடத்தில் நான்கு வருஷமாக இருந்தோம். அவள் வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. கதவைத் தட்டி, நான் முழுதாகத் திறப்பதற்குள் தலையை நீட்டி, முருகன் காலண்டர் தொங்கிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அது லைம் பிளாஸ்டர் தெரியுமா? நூறு வருஷத்துச் சுவர். அதுல போய் ஆணி அடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

மனசு வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. காலண்டரைக் கழற்றினேன். மறுநாள் அவளே ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பு குழைத்துக் கொண்டுவந்து ஆணி போன ஓட்டையை அடைத்தாள். அடைத்த இடத்தை விரல் நுனியால் தடவிக்கொடுத்தாள். அத்தனை பிரியமாக ஒரு மனிதரை அவள் தொட்டு நான் பார்த்ததே கிடையாது. அவளுடைய கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேல் குன்னூரில் இருந்தது அந்தக் கட்டடம். வெள்ளைக்காரர்கள் ஹோட்டலாகக் கட்டியது. கருங்கல் சுவர், தேக்குப் பலகைத் தரை, தகரக் கூரை, கூரையின் மேல் வரிசையாக ஏழு புகைக்கூண்டுகள். ஊருக்குள் ஏழு சிமினி பங்களா என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் போன பிறகு கோயமுத்தூர்க்காரர் ஒருவர் அதை வாங்கி ஏழு வீடுகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர், பேக்கரி வைத்திருந்தவர், தையல்காரர் குடும்பம் என்று கலந்துகட்டி இருந்தோம். என் கணவருக்கு அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். நான் நகராட்சிப் பள்ளியில் டீச்சர். குளிரும் எலியும் தவிர அந்த வீட்டைப் பற்றி எங்களுக்கு வேறு குறையும் இல்லை, வேறு பெருமையும் இல்லை.

பெருமையை இறக்குமதி செய்தவள் அந்த அம்மாள்தான். வீட்டுக்காரர் ஒவ்வொரு பகுதியாக விற்க ஆரம்பித்திருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த இவளும் இவள் கணவரும் மாடியின் முன்பகுதியை வாங்கினார்கள். அவர் ஏதோ கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த இரண்டாம் மாதமே குடியிருப்போர் சங்கம் ஒன்று பிறந்தது. சங்கத்துக்கு அவள் செயலாளர். தலைவர், பொருளாளர் எல்லாம் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கீழே இருந்த நாங்கள் அவளை மேலூட்டம்மா என்போம்.

அவளுடைய வேதம் ஒரு புகைப்படம். ஹோட்டலாக இருந்த காலத்தில் எடுத்தது. எங்கேயோ ஏலத்தில் வாங்கிச் சட்டம் போட்டு மாடிப்படி முடியும் இடத்தில் மாட்டியிருந்தாள். அதற்கு மட்டும் நூறு வருஷத்துச் சுவர் ஆணியைப் பொறுத்துக்கொண்டது. படத்தில் பங்களா, முன்னால் புல்தரை, பிரம்பு நாற்காலிகளில் நான்கைந்து வெள்ளைக்காரிகள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாகத் தட்டு ஏந்திய ஒருவர். அந்தப் படத்தில் எது உண்டோ அது இருக்கலாம். எது இல்லையோ அது போக வேண்டும். இதுதான் சங்கத்தின் சட்டம்.

தபாலாபீஸ் குமாஸ்தா சைக்கிள் நிறுத்தக் கட்டியிருந்த தகரக் கொட்டகை படத்தில் இல்லை, போயிற்று. வாசல் கல்லில் கோலம் படத்தில் இல்லை. "கல்லுக்கு ஆகாது" என்று அதுவும் போயிற்று. மின்சார ஹீட்டர் படத்தில் இல்லை. அதனால் அவள் கணவர் பகலெல்லாம் கம்பளிக் குல்லாயும் கையுறையுமாகக் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கணப்பு புகையும். அவர் இருமுவார். கையுறையோடு பேப்பர் பக்கத்தைத் திருப்ப முடியாமல் முதல் பக்கத்தையே அரைநாள் படிப்பார். ஒருநாள் என் கணவர் இரக்கப்பட்டு, "தொழிற்சாலைக் கடையில நல்ல ஹீட்டர் வந்திருக்குதுங்க" என்று சொன்னார். அவர் கதவுப்பக்கம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையுறையை ஆட்டினார்.

துணி காயப்போடுவதில்தான் தகராறு முற்றியது. முன்பக்கம்தான் வெயில் விழும். பின்பக்கம் பள்ளத்தை ஒட்டி எப்போதும் ஈரம். தையல்காரர் மனைவி சரோஜாவுக்குக் கைக்குழந்தை இருந்தது. அவள் முன்பக்கம் கொடி கட்டினாள். மேலூட்டம்மா அவளைக் கூப்பிட்டனுப்பிப் படத்தின் முன்னால் நிறுத்தினாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"இதுல எங்கயாவது துணி தொங்குதா, பாரும்மா."

சரோஜா படத்துக்குக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏனுங்க, இதென்னங்க, இந்தச் செடிக்கு அந்தாண்ட? கொடி கட்டித் துணி காயுதுங்களே!"

மேலூட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். உண்மைதான். படத்தின் ஓரத்தில், புதருக்குப் பின்னால், ஒரு கொடியில் நாலைந்து விரிப்புகள் காற்றில் உப்பி நின்றன. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"அது வெள்ளைத் துணி" என்றாள் மேலூட்டம்மா.

சரோஜா குடும்பம் அந்த வருஷமே காலி செய்தது. அடுத்து பேக்கரிக்காரர், பிறகு குமாஸ்தா, மற்றவர்களும் ஒவ்வொருவராக. அவர்கள் பகுதிகளை பம்பாய்க்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் வாங்கினார்கள். சுவரைச் சுரண்டிப் பழைய பூச்சை வெளியே கொண்டுவந்து, பித்தளைக் கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போட்டு, ஏப்ரல் மே இரண்டு மாதம் வந்து இருந்து, "ஆஹா, என்ன அமைதி!" என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். அமைதிக்கு என்ன குறை? ஏழு வீட்டில் ஐந்து வீடு பூட்டிக் கிடந்தால் அமைதியாகத்தான் இருக்கும்.

சிலோனிலிருந்து, குடியுரிமை இல்லை என்று அனுப்பப்பட்ட தோட்டத்துத் தமிழ் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர்களுக்குத் தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாது. கீழே வறண்ட சீமையில் ஏதோ ஓர் ஊரில் கடை வைக்கக் கடன் என்று காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால், கொஞ்ச நாளில் மலையைத் தேடி ஏறி வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு குடும்பம் எங்கள் பங்களாவின் பின்னால் பழைய குதிரை லாயத்தில் குடியிருந்தது. ராக்கப்பன், அவர் மனைவி மாரியாயி, புஷ்பம், ஜீவா என்று இரண்டு பெண்பிள்ளைகள். லாயம் இன்னும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருந்தது. அவர்தான் "இருந்துட்டுப் போங்க" என்று விட்டிருந்தார். பிள்ளைகளை எங்கள் பள்ளியில் நான்தான் சேர்த்தேன்.

"லயத்துல பொறந்து லாயத்துல வந்து விழுந்தோம் டீச்சர். ஒரு கால்தான் கூடுதல்" என்பாள் மாரியாயி. அங்கே தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்பார்கள். எதையும் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிக்கிறவள் மாரியாயி.

மேலூட்டம்மாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகவில்லை. விறகுப் புகை, கருவாட்டு நாற்றம், கோழி. வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் எழுதினாள். மூன்றாவது எழுதுவதற்குள் மழை வந்தது. அவளுடைய ஹாலில் கூரை ஒழுக ஆரம்பித்தது. பஜாரிலிருந்து வந்த ஆட்கள் தார் ஊற்றிவிட்டுப் போனார்கள்; ஒழுக்கு இரண்டு இடம் நான்கு இடமாயிற்று. கடைசியில் ராக்கப்பன்தான் மேலே ஏறினார். சிலோனில் தோட்டத்துப் பங்களாக்களுக்கும் பேக்டரிக்கும் தகர வேலை பார்த்தவர் அவர். தார் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, புகைக்கூண்டைச் சுற்றி ஈயத் தகட்டை மடித்து இறக்கினார். அன்றைக்கு நின்ற ஒழுக்கு இரண்டு வருஷம் திரும்பவில்லை.

"இது நம்ம ஊர் ஆளுங்க வேலை இல்லை. இது அந்தக் காலத்து வேலை" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள் மேலூட்டம்மா. போதாததற்கு ராக்கப்பன் அவளைப் பழக்கதோஷத்தில் "தொரசாணி" என்று கூப்பிட்டுவிட்டார். தோட்டத்துத் துரையின் மனைவியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்த ஒரு சொல் அவளை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். கழுத்து அரை அங்குலம் நீண்டது. கைப்பிடிச் சுவரில் கை வைக்கும் விதமே மாறியது. "ராக்கப்பா!" என்று மாடியிலிருந்து கூப்பிடுவாள். கீழே அவர் நிமிர்ந்து, "தொரசாணி!" என்பார். ஒன்றும் வேலை இருக்காது. "ஒண்ணுமில்லை, போ" என்பாள். கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளத்தான்.

அந்த சீசனுக்கு பம்பாய்க்காரர்கள் வந்தபோது புல்தரையில் டீ விருந்து வைத்தாள். அதற்கு முந்தின வாரமே டவுன் தையல்காரரிடம் அளவு கொடுத்து ஒரு வெள்ளைக் கோட்டு தைத்தாயிற்று. இடுப்புக்குச் சிவப்புப் பட்டி, தலைக்குத் தலைப்பாகை. ராக்கப்பன் அதைப் போட்டுக்கொண்டு தட்டை ஏந்தி நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார். விருந்தாளிகள் மாடிக்கு ஏறிப் படத்தைப் பார்ப்பதும், இறங்கி வந்து அவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். "அசல் அப்படியே!" என்று ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மேலூட்டம்மாவின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

லாயத்தின் வாசலில் நின்று மாரியாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அங்கன தொரைக்குக்கூட இந்த மனுசன் தட்டு தூக்கல டீச்சர். தகர வேலைக்காரன்னு தலைநிமிந்து நின்ன ஆளு. கப்பலேறி வந்து இங்கன தூக்குறாரு."

"அப்புறம் ஏனுங்க ஒத்துக்கிட்டாரு?"

"கடுதாசி ஒன்னு வேணும்ல."

அந்தக் காகிதம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். அவர்களுடைய கார்டு, பதிவு எல்லாம் கீழே அந்த வறண்ட ஊரில் இருந்தன. அவற்றை மலைக்கு மாற்ற வேண்டுமானால், இன்ன இடத்தில் இத்தனை நாளாகக் குடியிருக்கிறார்கள் என்று யாராவது எழுதித் தர வேண்டும். மாற்றினால் ரேஷன் உண்டு. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு மனுப் போடலாம். வீட்டுக்காரரிடம் கேட்டால், "அங்க சங்கம் இருக்குதுங்க, செகரட்டரியம்மா கிட்டயே வாங்கிக்கங்க" என்றுவிட்டார். ராக்கப்பன் கேட்டபோதெல்லாம் மேலூட்டம்மா, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றாள். விருந்து முடியட்டும் என்றாள். மழை முடியட்டும் என்றாள். ஒரு தடவை ராக்கப்பன் சிமினியைச் சுத்தம் செய்து கரியோடு இறங்கிவந்து கேட்டபோது, "இந்தக் கோலத்துல வந்து நிக்காதே" என்றாள்.

அவள் எழுதினாள்தான். ஆனால் வேறொன்றை. குதிரை லாயம் இந்தக் கட்டடத்தின் ஓர் அங்கம், அதை மனிதர் வசிக்கப் பயன்படுத்துவது அதன் பழமைக்கும் சுகாதாரத்துக்கும் கேடு, உடனே காலி செய்வித்து முந்தைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வீட்டுக்காரருக்கும் நகராட்சிக்கும் ஒரு விண்ணப்பம். ஐந்து பூட்டிய வீட்டுக்காரர்களும் தபாலில் கையெழுத்து அனுப்பியிருந்தார்கள். ஆறாவது அவளுடையது. ஏழாவதுக்கு என்னிடம் வந்தாள்.

"உங்க வீடு இன்னும் வாடகைல தானே ஓடுது? வீட்டுக்காரர் அதுக்கும் ஆள் பார்க்கிறாராம். நான்தான் இருக்கட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள், பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே.

என் கணவர் உள்ளேயிருந்து, "போட்டுத் தொலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் நமக்கு ஒரு ஊடு வேணுமல்லொ" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். அவளை இத்தனை ஏளனமாக எழுதிக்கொண்டு வருகிறேன். அந்தக் கையெழுத்தையும் இதே கைதான் போட்டது. அழகான கையெழுத்து, டீச்சர் அல்லவா.

அவர்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டபெட்டுப் பக்கம் படகர் இனத்தவர் ஒருவரின் தோட்டத்தில் கூலி வேலையும் ஓர் அறையும் கிடைத்திருந்தன. இரண்டு தகரப் பெட்டி, ஒரு மூட்டை, ஒரு கோழி. மாரியாயி கிளம்புவதற்கு முன் லாயத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள். மேலூட்டம்மா மாடியிலிருந்து, "ராக்கப்பா!" என்று கூப்பிட்டாள். காகிதத்தைத்தான் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடினார்.

"அந்தக் கோட்டு? துவைச்சுத் தேய்ச்சுத்தானே வெச்சிருக்கே?"

மூட்டையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். எல்லாத் துணிக்கும் மேலே மடித்து வைத்திருந்தார்.

லாயம் முந்தைய நிலைக்குத் திரும்பியது. சுவரிலிருந்த அடுப்புக் கரியைச் சுரண்டி, தீவனத் தொட்டியைச் சரிசெய்து, பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை வாங்கிச் சாய்த்து வைத்தாள். வைக்கோல் வாங்கிப் போட்டாள். குதிரை கிடையாது. வைக்கோல் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டது.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் ஒன்பது நாள் பெய்தது. புகைக்கூண்டு ஒன்றின் மேல் மரக்கிளை விழுந்து, ஈயத் தகடு பிய்ந்தது. மேலூட்டம்மாவின் ஹாலில் தண்ணீர் கோடாக இறங்கியது. தேக்குப் பலகைகள் ஊறி உப்பின. பஜார் ஆட்கள் தாரோடு வந்தார்கள். அவள் அவர்களைத் துரத்தினாள். பத்தாம் நாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். "அவங்க பாஷை உங்களுக்குத்தான் பழக்கம்" என்றாள். அவர்கள் என்னவோ பேசியது சீன பாஷை மாதிரி.

கட்டபெட்டுக்குப் போய், தேயிலைக்கு நடுவே சேற்றில் இறங்கி நடந்து, அந்த அறையைக் கண்டுபிடித்தோம். மேலூட்டம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் ஒரு புதுக் கம்பளி. மாரியாயி எங்களைப் பார்த்ததும் உட்காரப் பலகை போட்டாள். பால் இல்லாத தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் இருந்தன. பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது.

மேலூட்டம்மா கூரையைப் பற்றிச் சொன்னாள். ஊறிய பலகைகளைப் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்த ராக்கப்பன், எழுந்து போய் மூலையிலிருந்த கருவிப் பையை எடுத்துவிட்டார். உழைக்கிறவன் கை, ஒழுக்கு என்றதும் தானாகப் போய்விட்டது.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் மாரியாயி. பிறகு மேலூட்டம்மா பக்கம் திரும்பி, "கடுதாசி எழுதிக் கொடுங்க தொரசாணி. ரெண்டு வருசம் அங்கன குடியிருந்தோம்னு. கூலிகூட வேணாம்" என்றாள்.

"கம்பளி கொண்டு வந்திருக்கேன். கூலியும் தர்றேன், டபுளா வேணும்னாலும்."

"கார்டு இல்லாம இந்தப் புள்ளைகளுக்கு அரிசி இல்லைங்க. தோட்டத்து ஆபீசுல மனுவே வாங்க மாட்டேங்கிறாங்க. ஒரு வரி போதும்."

"அதெப்படி எழுத முடியும்? அது லாயம். அங்க குடித்தனம் இருந்தாங்கன்னு நான் எழுதினா அது ரெக்கார்டு ஆயிடும். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தா, அந்தக் கட்டடத்தோட சரித்திரத்துல அது வந்துடாதா?"

ராக்கப்பன் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "எங்க அப்பனுக்கு அப்பன் வெட்டின தோட்டம் தொரசாணி அங்க. நாங்க இருந்ததுக்குக் கடுதாசி இல்லைன்னுதான் கப்பலேத்துனாங்க. இங்கனயும் இருந்ததுக்குக் கடுதாசி இல்லைங்கிறீங்க. அப்ப நாங்க எங்கதான் இருந்தோம்?"

கோபம்கூட வரவில்லை அவளுக்கு. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். ராக்கப்பன் பையைத் திரும்பக் கொண்டுபோய் மூலையில் வைத்தார். மாரியாயி கம்பளியைத் தூக்கிக் காருக்கு வந்து இருக்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது மேலூட்டம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நிஜமான அழுகை, தோள் குலுங்கியது. ஒரு கணம் நான் ஏமாந்தேன். மனசு மாறிவிட்டது போலிருக்கிறது, திரும்பிப் போகச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பலகை எல்லாம் பர்மாத் தேக்கு. இனிமே எங்கே போனாலும் கிடைக்காது" என்றாள்.

ஒரு வரியில் நிறுத்தியிருக்கலாம் அந்த ஒழுக்கை. எழுத மாட்டாள். வீடு நனைந்து அழுகட்டும், அதில் குதிரை தவிர யாரும் இருந்ததாக இருக்கக் கூடாது. அவளுடைய பிரியத்தின் ஆழம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு சொட்டுகூட உயிருள்ள எதன் மேலும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளியில் அலமாரியைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். புஷ்பம், ஜீவா. தகப்பனார் பெயர், தாயார் பெயர், சேர்ந்த நாள். முகவரி: குதிரை லாயம், ஏழு சிமினி பங்களா, மேல் குன்னூர். என் கையெழுத்தில் இருந்தது. சேர்த்த அன்று நானே எழுதியது. அதைப் பார்த்துச் சான்று எழுத ஐந்து நிமிஷம் ஆனது. தலைமையாசிரியை படித்துப் பார்த்து, முத்திரை குத்தி, "இதை ஏன் இத்தனை நாளா யாரும் கேக்கல?" என்றார். கேட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வீடு போய்விடும் என்ற பயத்தில் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் போய்ச் சான்றைக் கொடுத்தேன். மாரியாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஜீவா எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள்.

"இது எப்ப எழுதினது டீச்சர்?"

"பிள்ளைங்களைச் சேர்த்தப்பவே பதிவேட்டுல எழுதினதுங்க. அதைப் பாத்துதான் இப்ப எழுதினேன்."

"அப்ப முதல் நாள்லருந்தே இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள். "தேத்தண்ணி குடிங்க" என்றாள். அந்தமுறை வெல்லம் வைக்கவில்லை. மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கார்டு மாறியது. கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்து, லயத்தில் ஒரு வீடும் கிடைத்தது. ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவர் பங்களாவுக்கும் வந்திருக்கிறார். அன்று சாயந்தரமே மேலூட்டம்மா என் வாசலில் நின்றாள்.

"நீங்க எழுதிக் கொடுத்தீங்களாமே?"

"ஆமாங்க."

"லாயம்னு போட்டா?"

"லாயத்துலதானுங்க இருந்தாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சுவரில் ஆணி அடித்தவர்களைப் பார்க்கும் அதே பார்வை. அடுத்த மாதம் எங்கள் பகுதிக்கு ஆள் வந்துவிட்டதாக வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வெலிங்டன் பக்கம் ஒற்றை அறையில் எட்டு மாதம் கிடந்தோம். பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் கணவர் அந்த எட்டு மாதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அவளைக் கடைசியாகப் பார்த்தது நான் ஓய்வு பெற்ற பிறகு. மேல் குன்னூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனவள், திரும்பும்போது பங்களாவின் கேட் திறந்திருக்கிறதே என்று நின்றேன். பார்வையாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை திறந்து காட்டுகிறார்கள் என்று பலகை இருந்தது. அவளே கைத்தடியோடு நின்றிருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ பார்க்க வந்தவள் என்று நினைத்து, மூச்சு வாங்க வாங்கச் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கதை சொன்னாள். கடைசியில் லாயத்துக்குக் கூட்டிப் போனாள்.

சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது. அதில் ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள்.

"ஹோட்டலோட பழைய ரிஜிஸ்டர் ஒண்ணு சீமையிலிருந்து தேடி வரவழைச்சேன். இங்க இருந்த குதிரைங்க பேரு. பாவம், இந்த மேட்டுல என்ன உழைப்பு உழைச்சிருக்கும்! யாராவது நினைக்கணும் இல்லையா?"

"குதிரைங்களுக்கு அப்புறம் இங்க யாருங்க இருந்தாங்க?"

"யாரும் இல்லை. பூட்டித்தான் கிடந்தது."

"நாலு பேரு இருந்தாங்க. உங்க கூரையை ஒழுகாம வெச்சிருந்தவரு பேரு ராக்கப்பன். அவரு சம்சாரம் மாரியாயி. புஷ்பம், ஜீவான்னு ரெண்டு புள்ளைங்க."

தடியை ஊன்றிக்கொண்டு என் முகத்தைத் தேடினாள்.

"நீங்க அந்த டீச்சர்" என்றாள்.

"ஆமாங்க. அவங்க பேரையும் எழுதலாமேங்க."

அவள் தகட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, நிஜமாகவே வருத்தப்படுகிற குரலில், "இடம் இல்லையேம்மா" என்றாள்.

மூன்று பெயர்களுக்குக் கீழே முக்கால் தகடு வெறுமையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.